தோட்டத்துக்குள் வந்த புலியைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா?

கேள்வி, மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர், 2023 பெப்ரவரி 11

எங்கள் டிவிசனில் மூன்று மாதத்துக்குள் ஆறு நாய் போய்விட்டது. போன கிழமை மேட்டு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் பட்டப்பகலில் புலியைக் கண்டிருக்கிறார்கள். அறிவித்தால் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், பிடிக்க முடியாது என்கிறார்கள். புலிக்குத்தான் காடு இருக்கிறதே. கூடு வைத்துப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் அதுவும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம். இதில் என்ன தப்பு?

2023 பெப்ரவரி 12

தப்பு இருக்கிறது. நாம் இங்கே புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். அதை எந்தக் காட்டில் விடுவீர்கள்? சிவனொளிபாதமலைக் காட்டிலா, ஹோர்ட்டன் சமவெளியிலா? இரண்டிலும் ஏற்கெனவே புலி இருக்கிறது. மரத்தைக் கீறி, மூத்திரம் அடித்து ஒவ்வொன்றும் தன் எல்லையைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் இறக்கினால் அடிபட்டுச் சாகும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பும். நீங்கள் காலியாக்கிய இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். வருவது பெரும்பாலும் தாயைவிட்டுப் பிரிந்து இடம் தேடித் திரிகிற இளசு. எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பழைய புலிக்குத் தெரியும்.

இந்தியாவில், மகாராஷ்டிராவின் ஜுன்னார் பக்கம், 2001இலிருந்து இப்படிப் பிடித்துப் பிடித்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். மனிதர்களைத் தாக்குவது குறையவில்லை, கூடியது. அதிலும் புலிகளை விட்ட இடங்களுக்குப் பக்கத்தில் கூடியது. நம்மாட்கள் அதையே இங்கே செய்யச் சொல்லிக் கேட்கிறோம்.

நாய் விசயத்தில் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இராத்திரியில் நாயை உள்ளே கட்டுங்கள். மிச்சச் சோற்றையும் கோழிக் குடலையும் லயத்துக்குப் பின்னால் கொட்டாதீர்கள். குப்பைக்கு நாய் வரும், நாய்க்குப் புலி வரும்.

2023 பெப்ரவரி 13

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தலைப்பில் "வந்த புலி" என்று போட்டுவிட்டேன். அது வரவில்லை, இங்கேதான் இருக்கிறது. சிறுத்தை ஆய்வாளர்கள் அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் இருவரும் மலையகத்தில் பல வருசமாகத் தானியங்கிக் கமரா வைத்துப் பார்த்து வருகிறார்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் காட்டுத் துண்டுகளிலும், டர்பன்டைன் மரத் தோப்புகளிலும், ஓடைக் கரைகளிலும் புலி நிரந்தரமாகக் குடியிருப்பதும் குட்டி போடுவதும் தெரிந்த விசயம். நாம் ஏழு மணிக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகிற பாதையில்தான் அது விடியற்காலை நான்கு மணிக்கு நடந்துவிட்டுப் போகிறது.

இன்னொன்று. பாடசாலையில் "சிறுத்தை" என்று சொல்லிக்கொடுப்பார்கள், அதுதான் சரியான பெயர். இலங்கையில் வரிப்புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. காட்டில் மேலாதிக்கம் இதனுடையதுதான். ஆனால் லயத்தில் எல்லோரும் புலி என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

2023 பெப்ரவரி 26

இரண்டு கிழமையாக ஒரு விசயத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மலையகத்தில் புலியைக் கொல்வது துப்பாக்கியோ நஞ்சோ அல்ல. அவையும் நடக்கிறது, ஆனால் முதலில் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டத்தின் வாழமலை டிவிசனில், மரக்கறித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இலங்கையில் கருஞ்சிறுத்தை இனி இல்லையோ என்று நினைத்திருந்த காலம். அதற்கு முந்தைய வருசம்தான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் ஒன்று உயிரோடு நடமாடுவது பதிவாகி, எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். மாட்டியதை மயக்க ஊசி போட்டு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்துப்போனது. கழுத்தில் கம்பி இறுக்கிய காயம்.

அந்தக் கம்பியை யாரும் புலிக்கு வைக்கவில்லை. பன்றிக்குத்தான் வைப்பார்கள். ஆனால் பன்றி போகிற பாதையில்தான் புலியும் போகும்.

கம்பி எங்கிருந்து வருகிறது? கடையில் யாரும் புதுக் கம்பி வாங்குவதில்லை. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள். மெல்லிய இழை இழையாக முறுக்கியது, துருப்பிடித்தாலும் அறாது, வழுக்கிக்கொண்டு இறுகும், திரும்பத் தளராது. நான் பதினாறு வருசமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கேபிள் மாற்றினால் பழையதைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் டின்னில் போட்டு வைப்பேன். "தம்பி, பழைய கேபிள் ரெண்டு இருக்கா?" என்று யாராவது கேட்டால் காசும் வாங்காமல் கொடுத்துவிடுவேன். கொடிகட்ட, வேலி கட்ட என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். எதற்கு என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் மாமாவோடு போய் நானே கட்டியிருக்கிறேன். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் சுருக்கு, மறுமுனை சவுக்கு மரத்தின் அடியில், இரண்டு பக்கமும் மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) குத்திப் பாதையை ஒடுக்கிவிட வேண்டும்.

நல்லதண்ணிச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, எங்கள் தோட்டத்தின் பணியக் கணக்கில் (கீழ்ப் பிரிவில்) ஒரு பெண்புலி மாட்டியது. இடுப்பில் இறுகியிருந்தது. தலையும் முன்கால்களும் சுருக்குக்குள் போய்விடும், பாய்கிற வேகத்தில் வயிற்றில் இறுகும், பெரும்பாலும் இப்படித்தான். நான் போனபோது உயிர் இல்லை. அது சுற்றிச் சுற்றி இழுத்ததில் ஒரு பாய் அகலத்துக்கு மண் வட்டமாகக் கிளறிக் கிடந்தது. எட்டிய தேயிலைச் செடியெல்லாம் பட்டை உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு செடியின் வேரையே கடித்துத் துப்பியிருந்தது. கம்பியைப் பார்த்தேன். முனையில் ஈயப் பற்று. கேபிள் முனை பிய்ந்து போனால் நான் ஈயம் உருக்கிக் குண்டு வைத்துக் கொடுப்பேன், இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அது என் கை வேலை.

அன்றிலிருந்து பழைய கேபிளை விரல் நீளத் துண்டுகளாக வெட்டித்தான் டின்னில் போடுகிறேன். ஒரு கேபிளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கராஜ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களும் வெட்டுங்கள்.

2023 பெப்ரவரி 27

கம்பி வைத்துப் புலி மாட்டினால் குற்றமா என்று கேட்டதற்குப் பதில்: ஆமாம், சட்டப்படி குற்றம்தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சிறுத்தை முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

மாட்டியதைக் கண்டால் 1992க்கு எடுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். அப்புறம் செய்யவேண்டிய பெரிய வேலை ஒன்றுதான், ஆட்களைத் தூரத்தில் நிறுத்துவது. ஊரே கூடிக் கூச்சல் போட்டு, போனில் படம் எடுக்க நெருங்கும்போதுதான் அது துள்ளும். துள்ளத் துள்ளக் கம்பி உள்ளே போகும். வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். கம்பி அறுந்துவிட்டால் எதிரே நிற்கிற ஆள்மேல்தான் பாயும். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் கூட்டம் கூடி ஒன்றை அடித்தே கொன்று, அதைப் படமும் எடுத்து வைத்திருந்தார்கள். அங்கேயும் ஆட்கள் காயப்பட்ட பிறகுதான் கோபம் அப்படி மூண்டது. முதலிலேயே விலகியிருந்தால் இரண்டு பக்கமும் தப்பியிருக்கும்.

2023 மார்ச் 19

"பன்றிக்கு என்ன வழி சொல்கிறாய்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி. பெப்ரவரிக் குறிப்பில் கம்பி வைக்கிறவனை மட்டும் குற்றவாளி மாதிரி எழுதிவிட்டேன். திரும்பப் படித்தபோது மனம் ஒப்பவில்லை.

லயத்துக்குப் பின்னால் ஒரு அறை அகலத் துண்டு நிலம். அதுவும் சொந்தம் இல்லை. அதில் உருளைக்கிழங்கோ லீக்ஸோ போட்டு, கைக்காசெல்லாம் உரத்துக்குப் போட்டு, கிழங்கு எடுக்க இரண்டு கிழமை இருக்கும்போது ஒரே இராத்திரியில் பன்றி உழுதுவிட்டுப் போகும். என் சின்னம்மா அந்த வரப்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். நட்டம் கொடுக்க ஆள் கிடையாது. அந்த மனுசியிடம் போய்ப் புலியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. முதலில் பன்றியைப் பற்றித்தான் பேசமுடியும்.

நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பழைய சேலையைக் கட்டினால் நான்கு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் அதைக் கிழித்துக்கொண்டு வரும். வெடி போட்டால் பக்கத்துத் துண்டுக்குப் போகும். தகரம் நல்லது. கூரை மாற்றும்போது கழற்றும் பழைய தகரத்தை இடைவெளி இல்லாமல் நிறுத்தி, அடிப்பக்கம் ஒரு முழம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பன்றி மூக்கால் தூக்கித்தான் நுழையும், தூக்க முடியாவிட்டால் விட்டுவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக அடைக்கத் தகரம் பத்தாது. எட்டுக் குடும்பம் சேர்ந்து எட்டுத் துண்டையும் ஒன்றாக அடைத்தோம். எங்கள் லயத்தில் இரண்டு போகம் தப்பியது. அந்த எட்டுக் குடும்பத்தில் இப்போது யாரும் கம்பி வைப்பதில்லை. நான் சொன்னதற்காக இல்லை, தேவை இல்லாததால்.

இறைச்சிக்கு வைக்கிறவன் வேறு. அவனைப் பற்றி எனக்கு இரக்கம் இல்லை.

2023 மார்ச் 20

புலியும் பன்றிக்குட்டியைத் தின்னும். மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, முயல் எல்லாம் தின்னும். புலி இல்லாத மலையில் பன்றி என்ன ஆட்டம் போடும் என்று யோசித்துப் பாருங்கள் என்று சின்னம்மாவிடம் சொன்னேன். "அப்ப அத நல்லாத் திங்கச் சொல்லு" என்றார்.

2023 மே 7

குட்டி விசயம். கவ்வாத்து வெட்டாமல் உயர்ந்து நிற்கும் தேயிலைக்குள் குட்டியை வைத்துவிட்டுத் தாய் இரை தேடிப் போகும். கொழுந்து எடுக்கிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது இதுதான். பெரும்பாலும் இரண்டு குட்டி, பூனைக்குட்டி மாதிரி இருக்கும், கத்தும். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, பாவம், பால் கொடுப்போம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பாவம் பார்த்துச் செய்கிற இந்த வேலைதான் அதைத் தாயில்லாப் பிள்ளை ஆக்குகிறது.

என் அக்கா கொழுந்து எடுக்கிறவர். போன வருசம் அவருடைய நிரையில் இரண்டு குட்டி. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் மற்றப் பெண்களைப் பின்னுக்கு வரச் சொல்லி, கங்காணியிடம் போய் "இன்றைக்கு இந்த மலை வேண்டாம், வேறு மலை கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். கங்காணி துரையிடம் கேட்டு மாற்றிக் கொடுத்தார். மூன்று நாள் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நான்காம் நாள் குட்டிகள் இல்லை, தாய் கவ்விக்கொண்டு போயிருந்தது. அந்த மூன்று நாளும் அக்கா ஆட்களின் பெயர்க் கணக்கு (நாட்கூலிக் கணக்கு) குறையவில்லை என்பதையும் எழுதவேண்டும். குறைந்திருந்தால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

2023 யூலை 23

இப்போது காட்டைப் பற்றி. "புலிக்குத்தான் காடு இருக்கிறதே" என்ற முதல் கேள்விக்கு நான் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

இந்த மலை முழுக்கக் காடாக இருந்தது. கோப்பிக்கு வெட்டினார்கள், 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது, அப்புறம் தேயிலைக்கு வெட்டினார்கள். வெட்டியது நம் தாத்தா பாட்டன்களின் கை, வெட்டச் சொன்னது வேறு ஆள். யானையும் இருந்தது. மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவரே 1,400 யானைக்குமேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மிஞ்சிய காடு எது என்று பார்த்தால் 5,000 அடிக்கு மேலே உள்ளதுதான். 1873இல் அதற்கு மேலே வெட்டக்கூடாது என்று நிறுத்தியதால்தான் ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியது, மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைப்பக்கம் மிஞ்சியது. 2010இல் சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து உலக மரபுரிமை ஆக்கினார்கள்.

ஆனால் இந்தக் காடுகள் மலை உச்சிகளில் தொப்பி மாதிரி இருக்கின்றன. ஒரு தொப்பியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமென்றால் புலி நம் தேயிலை வழியாகத்தான் போகவேண்டும். ஓடைக் கரையில் மரம் இருந்தால் அதன் மறைவில் போகும், நம் கண்ணிலும் படாது. மரம் இல்லாவிட்டால் லயத்து முற்றத்தால் போகும். அதனால் எனக்குத் தோன்றுவது: பெரிய காடு வளர்க்க நம்மால் முடியாது, ஆனால் ஓடையின் இரண்டு பக்கமும் பத்தடி பத்தடியாகக் காட்டைத் திரும்ப விடலாம். அந்தப் பத்தடியில் தேயிலை எப்போதும் சரியாக வராது, மழைக்கு மண்ணும் ஓடையோடு போகும்.

துரையிடம் பேசினோம். மேட்டு லயத்துப் பீலியிலிருந்து (தண்ணீர் பிடிக்கிற, குளிக்கிற இடம்) பாலம் வரைக்கும் ஓடைக்கரையை விட்டுத்தரச் சம்மதித்தார். பெடியன்கள் பன்னிரண்டு பேர். ஜூன் மாதம் இருநூறு கன்று நட்டோம்.

2023 நவம்பர் 12

நட்ட இருநூறு கன்றில் மிஞ்சியது முப்பத்தொன்று.

எங்கே பிழை விட்டோம் என்று வரிசையாகச் சொல்கிறேன், வேறு யாராவது செய்தால் உதவும். முதலாவது, சும்மா கொடுக்கிறார்கள் என்று மருது வாங்கி வந்தோம். மருது கீழ்நாட்டு ஆற்றங்கரை மரம். இந்த உயரத்துக் குளிரில் நின்ற இடத்தில் நின்றுகொண்டே இலை சிவந்து பட்டுப்போனது. ஓடைக்கரை என்றால் மருது என்று நானே அடித்துச் சொன்னேன், என் பிழை. இரண்டாவது, மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள் புல்லோடு கன்றையும் அறுத்துவிட்டார்கள். அவர்களைக் கூப்பிட்டு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மூன்றாவதுதான் நெஞ்சில் அடித்தது. புல்லுக்கு மருந்தடிக்க வந்த கொந்தரப்பு ஆட்கள் தேயிலை ஓரத்தில் அடித்து, ஓடை ஓரத்திலும் அடித்துவிட்டார்கள். ஒரு கிழமையில் அந்தக் கரை முழுக்கச் செம்பட்டை. அந்த ஓடைதான் பணிய லயத்துப் பீலிக்கு வருகிறது. அங்கே பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர்.

2023 நவம்பர் 14

நேற்றுத் திரும்ப எண்ணினோம். முப்பத்தொன்று இல்லை, இருபத்தெட்டு. மூன்றைக் களை என்று நினைத்து நானே பிடுங்கியிருக்கிறேன் என்று ஒரு பெடியன் காட்டித்தந்தான்.

2024 பெப்ரவரி 18

முறையை மாற்றிவிட்டோம். வெளியிலிருந்து கன்று இல்லை. ஓடைக்கு மேலே, தோட்டத்து எல்லைக்குள் பழைய காட்டுத் துண்டு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதற்குக் கீழே உதிர்ந்து முளைத்த கன்றுகளைத் துரையிடம் கேட்டு எடுத்தோம். காட்டு நாவல் வகை, சிங்களத்தில் வல்சப்பு என்கிற மலைச் சண்பகம், பெயர் தெரியாத இரண்டு மூன்று. பழைய தீவனப் பையில் மண்போட்டு மூன்று மாதம் நிழலில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மஞ்சள் பெயின்ற் அடித்த குச்சி. மருந்தடிக்கிற ஆட்களை அழைத்துவந்து தேத்தண்ணி கொடுத்து, மஞ்சள் குச்சிக்கு இந்தப் பக்கம் வராதீர்கள் அண்ணே என்று கேட்டோம். அவர்களில் ஒருவர் அடுத்த நாள் தானாகவே இன்னும் பத்துக் குச்சி வெட்டிக்கொண்டு வந்தார்.

மானாப்புல்லை முழுக்க அழிக்கக்கூடாது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கன்றைச் சுற்றி ஒரு முழம் மட்டும் வெட்டினால் போதும். மிச்சப் புல் வெயிலையும் மாட்டையும் மறைக்கும்.

2024 மார்ச் 3

"பைனஸ் இருக்கிற மலையும் காடுதானே" என்று எழுதியவருக்கு: தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. உள்ளே போனால் காலடியில் ஊசி இலை மெத்தை மட்டும்தான், அதிலிருந்து நெருப்பு பிடித்தால் மலையே எரியும். ஆனால் பைனஸை ஒரேயடியாக வெட்டவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிங்கராஜ ஓரத்தில் பைனஸ் தோப்புக்குள்ளேயே இடைவெளி வெட்டி உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பைனஸின் நிழலே கன்றுக்குக் குடை.

பேச்சு புலியோடு நிற்கக்கூடாது என்று தோன்றுகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு தேவாங்கு இருக்கிறது, நம் உள்ளங்கையில் உட்காரும். அழிந்துவிட்டது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். அதன் முதல் படம் 2010இல்தான் வெளியே வந்தது. புலியாவது தேயிலைக்குள் நடந்து போய்விடும். தேவாங்குக்குக் கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். நடுவில் ஒரு ரோட்டு அகலம் வெட்டினாலே அதற்கு அது கடல்.

2024 மார்ச் 5

முன்பு ஓர் இடத்தில் பேசும்போது, அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகளின் உலகப் பட்டியலில் சிறுத்தை "அருகிவிட்ட" வகையில் இருக்கிறது என்று சொன்னேன், அதைக் கேட்டவர் இங்கே திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 2008இல் அப்படி இருந்தது, 2020 மதிப்பீட்டில் ஆபத்து ஒரு படி குறைந்த வகைக்கு மாற்றியிருக்கிறார்கள். முழு நாட்டிலும் வளர்ந்த சிறுத்தை எண்ணூறுக்குக் குறைவு என்பதும் அதே மதிப்பீடுதான். எங்கள் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளர்கள் அதைவிடக் கூட.

2024 ஓகஸ்ட் 25

இந்த வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெடியன்கள் எடுத்துக்கொண்டு வந்த கம்பி மொத்தம் நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் கராஜ் மேசையில் வைத்து வெட்டினேன். முனை ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஈயக் குண்டு வைத்தவை இரண்டு, இரண்டும் நன்றாகத் துருப்பிடித்த பழசு. 2020க்கு முன்னால் நான் கொடுத்தவை. இன்னும் எத்தனை மலைக்குள் கிடக்கிறதோ தெரியாது. தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

கன்று அறுபத்து நான்கு நிற்கிறது. சண்பகம் என் தோளுக்கு வந்துவிட்டது. நாங்கள் நடாத இடத்திலும் நாவல் முளைத்திருக்கிறது, மஞ்சள் குச்சிமேல் கொண்டைக்குருவி உட்கார்ந்து எச்சம் போட்டதுதான். போன கிழமை பாலத்துக்குப் பக்கத்தில், இரண்டு கன்றுக்கு நடுவில் ஈர மண்ணில் ஒரு பாதம். நகம் பதியாத நான்கு விரல், என் உள்ளங்கை அகலம். நாயின் அடி என்றால் நகம் தெரியும். மேட்டு லயத்தில் இந்தக் கிழமை எந்த நாயும் குறையவில்லை.

வருகிற ஞாயிறு மானா வெட்ட வேண்டும், காலை ஏழு மணிக்குப் பீலிக்கரையில். மஸ்கெலியாவிலிருந்து முதல் கேள்வி கேட்டவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மானா கையை அறுக்கும், கையுறையும் கத்தியும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் டிவிசனில் கழற்றிய கம்பி ஏழு இருக்கிறதாம், அதையும் கொண்டுவருகிறார்.